பழுதான பெட்டியை நேரில் கொண்டுவரவும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம், என் கையெழுத்துதான் நலமில்லை. பேனா பிடித்துப் பல வருடம் ஆயிற்று. உன் கைபேசிக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டால், "தண்ணில போட்டுட்டாடா உங்க அக்கா, வேற வாங்கணும்" என்கிறார். வாங்குகிற வழியைக் காணோம். அலுவலக மின்னஞ்சலில் சொந்தக் கதை எழுதினால் கண்காணிப்புக் குழு படிக்கும். அந்தக் குழுவில் நானே ஒருவன் என்பதால் நன்றாகத் தெரியும். அதனால்தான் தாளும் தபால்தலையும்.

செய்தி இதுதான். நம் காப்பீட்டு நிறுவனத்தில் இனி யார் மேசைக்கு அடியிலும் கணினிப் பெட்டி கிடையாது. ஒரு திரை, ஒரு விசைப்பலகை, உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். நிஜக் கணினிகள் எல்லாம் இங்கே தலைமை அலுவலகத்தில் குளிரூட்டிய கூடத்தில் இருக்கும். மெய்நிகர் மேசை என்று பெயர். தினமும் காலையில் ஒரே மூலப் பிரதியிலிருந்து எல்லோருக்கும் புத்தம்புது மேசை பிறக்கும். மாலையில் நீ எழுந்து போனதும் அது செத்துவிடும். குப்பை, கீறல், கிருமி எதுவும் மறுநாளுக்கு மிஞ்சாது. சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. உனக்குக் கொட்டாவி வரும், தெரியும்.

இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் எந்த அலுவலகத்திலும் இதுதான் நடைமுறை. எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்றான பிறகு கிளை எதற்கு, கட்டடம் எதற்கு? முதல் கட்டமாகப் பன்னிரண்டு கிளைகளை மூடி, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லப்போகிறார்கள். பட்டியல் என் கைக்குத்தான் வரும். உன் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அத்தானுக்கு என் வணக்கம். நீச்சல் குளத்தில் இந்த வருடம் எத்தனை வாண்டுகள் சேர்ந்திருக்கின்றன?

உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம் என்றே வைத்துக்கொள். மாடிப்படியில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் சுளுக்கு, அதனால் கையெழுத்தில் உனக்குப் போட்டியாக இறங்கியிருக்கிறேன். வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. அங்கே தபால்பெட்டியில் மழை ஒழுகுகிறது. கிளை விலாசம் போதும்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணின் விபத்துக் கோரிக்கை என் மேசைக்கு வந்தது. படியில் உருண்டு விழுந்தேன் என்று எழுதியிருந்தாள். புகைப்படத்தைப் பார்த்தேன். படியில் விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், உள்ளங்கை தேயும், முட்டி தேயும். இவளுக்கு முன்கையின் வெளிப்பக்கம் மட்டும் நாலு கன்றல். படியிடமிருந்து யாரும் அப்படித் தற்காத்துக்கொள்வதில்லை. இது விபத்து அல்ல என்று எழுதித் தள்ளுபடி செய்தேன், விதி அப்படி. அவள் நேரில் வந்து தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள். பத்து வருடமாகப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெயர் கசந்தது.

உன் புது மேசை நல்லதாகவே இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. என் பழைய பெட்டியை மட்டும் அப்படியே விட்டுவைக்க முடியுமா? அதில் எனக்குப் பழகிவிட்டது. எந்தக் கோப்பு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். வீட்டிலிருந்து வேலை என்பதும் எனக்கு வேண்டாம், பேருந்தில் வந்து போவது பிடித்திருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் கூடத்தில் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலேயே காது வலி.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

காது பத்திரமாக இருக்கிறது. உன் மணிக்கட்டு தேவலையா? கீழே பார்த்து நட. நாலு கண் இருக்கிற மாதிரி ஊரார் காயத்தை ஆராய்கிறாய், சொந்தப் படி தெரியவில்லை.

பெட்டிப் பாசத்தை என்னவென்று சொல்ல? ஏழு வருடப் பழம்பெட்டி, ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் காப்பி குடித்துவிட்டு வந்துதான் திறக்கிறது, அதற்கு இப்படி ஒரு வக்காலத்து. விதிவிலக்கு கிடையாது அக்கா. அதிகாரப்பூர்வக் கோப்புகளை மட்டும் இங்கே ஏற்றிக்கொள்வோம். மற்றதெல்லாம் போய்விடும்.

போகிறது என்றால் சும்மா அழிப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பு வட்டுகளை வெளியே எடுத்து, துளையிடும் இயந்திரத்தில் வைத்து, நடுவில் ஓட்டை போடுகிறோம். போன வாரம் நாலு கிளைகள், இருநூற்றுப் பதினான்கு வட்டுகள். முதல் பத்தைத் தயங்கித் தயங்கிப் போட்டேன், அப்புறம் குஷி வந்துவிட்டது. ஒரு கிரீச்சல், ஒரு பொறி, கொஞ்சம் கருகல் வாசனை, அடுத்தது. "இனி கடவுளே வந்தாலும் படிக்க முடியாது" என்று எங்கள் மேலாளர் தட்டிக் கொடுத்தார்.

இன்னொன்று. வீட்டு வேலைப் பட்டியல் வந்தது. உன் கிளையும் அதில் இருக்கிறது. முதல் பெயராக உன்னைப் போட்டுவிட்டேன். வேண்டாம் என்பாய், அது உன் சுபாவம். ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறி ஓடுகிறவளுக்கு ஒரு தம்பி இதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்கு? அத்தானிடம் தொலைபேசியில் சொன்னேன், அவருக்கு வாயெல்லாம் பல். "வீட்டுலயே இருக்கட்டும்டா, அதான் அவளுக்கும் நல்லது எனக்கும் நிம்மதி" என்றார். கொடுத்து வைத்தவள் நீ.

உன் தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். என் பெயரை முதலில் போடாதே. கடைசியில் போடு. முடிந்தால் எடுத்தே விடு. மேலாளரிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல், அக்காவுக்குக் கணினி தெரியாது என்று சொன்னாலும் கோபிக்க மாட்டேன்.

என் பெட்டிக்கு எந்தத் தேதியில் துளை? அதிலிருந்து ஒரு கோப்புறையை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? பென்டிரைவ் செருகும் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டார்கள், புகைப்படக் கருவியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அச்சடித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் பதிவாகிறது. அப்படியே அடித்தாலும் வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

இதைப் படித்ததும் கிளைக்குப் பதில் எழுது. அத்தானிடம் எதுவும் பேச வேண்டாம்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமா? ஒரு மாதமாக ஊர் ஊராகக் கிளைகளைக் கழற்றிக்கொண்டு திரிந்தேன். திரும்பி வந்து பார்த்தால் உன் கடிதம் என் மேசையில் தூசு படிந்து கிடக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மார்ச் முதல் தேதி உன் கிளை மூடியாயிற்று. சின்னப் பெட்டி வீட்டுக்கு வந்திருக்கும், இந்நேரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பாய். கிளையே இல்லாததால் இதை வீட்டுக்கே அனுப்புகிறேன். தபால்பெட்டி ஒழுகினால் மை கலையும், அவ்வளவுதானே.

உன் வட்டுக்கு நானே துளை போட்டேன். உன் பணியாளர் எண்ணைப் பார்த்ததும் எடுத்துத் தனியாக வைத்து, அக்காவுக்கு மரியாதையாக இரண்டு துளை.

ஆனாலும் தலை வெடிக்கிறது எனக்கு. கடைசியில் போடு, எடுத்தே விடு, கோப்புறையை வெளியே எடுக்க வழி சொல் என்று அப்படிக் கெஞ்சியிருந்தாயே, அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் ஒளித்து வைத்திருந்தாய்? கவிதையா? பழைய காதல் கடிதமா? அத்தானுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் சொல்.

புது மேசை எப்படி ஓடுகிறது? ஏதாவது சுணங்கினால் உடனே புகார் போடு, என் கூடத்துக்குத்தான் வரும்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 29

அன்பு மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதும் ஆசிகள். நானும் கடிதம் எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். உன் அக்காவால் தற்சமயம் எழுத முடியாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், குளியலறையில் சறுக்கி விழுந்துவிட்டாள். இடது கையில் இரண்டு விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. வைத்தியமெல்லாம் நானே செய்கிறேன், உயிர்காக்கும் பயிற்சி பெற்றவன் அல்லவா. கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு கையால் தட்டி வேலையையும் விடாமல் பார்க்கிறாள், பிடிவாதக்காரி.

உன் கடிதத்தை அவளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தோம். காதல் கடிதம் என்றாயே, விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன், அந்தப் பழைய பெட்டியில் இருந்தது எதுவும் வேறெங்காவது மிஞ்சியிருக்குமா? உங்கள் கூடத்தில் ஒரு நகல், கிளையில் யார் கையிலாவது ஒரு நகல், இப்படி. ஊரார் காயங்களின் படங்கள் அல்லவா அவை, தப்பான கையில் சிக்கினால் அவளுக்குத்தான் கெட்ட பெயர். அவளைக் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ விவரம் தெரிந்தவன். ஒரு வரி எழுதிப் போட்டால் இந்த வீட்டில் நிம்மதி பிறக்கும்.

குளத்தில் இந்த வருடம் அறுபது பிள்ளைகள். உன்னைப் போல அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் நன்றாக நீந்துகிறார்கள்.

உன் அத்தான்


ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். அக்கா விழுந்தது தெரிந்து வருத்தமாக இருக்கிறது. இந்த வருடம் அவளுக்கு நேரமே சரியில்லை போல. நீங்கள் பக்கத்தில் இருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கேட்டதற்குப் பதில்: எதுவும் மிஞ்சவில்லை. நகல் இல்லை, என் கையாலேயே துளை போட்டேன். துண்டுகளை உருக்குவதற்கு அனுப்பியாயிற்று. வீட்டில் உள்ள புதுப் பெட்டியில் எதையும் சேமிக்கவே முடியாது, மாலையானால் எல்லாம் சுத்தம். நூறு சதவீதம் நிம்மதியாக இருங்கள்.

எட்டு வயதில் என் தாடையைப் பிடித்துத் தண்ணீரில் மிதக்க வைத்தீர்களே, "கை விட மாட்டேன்டா, பயப்படாத" என்று. அந்தக் கை என் அக்காவைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு வேறென்ன வேண்டும்?

அன்புடன்,
மைத்துனன்


மே 2

தம்பிக்கு,

இந்தக் கடிதம் கீழ்வீட்டுத் தையல்காரி மூலமாக வருகிறது. பதிலும் அவள் விலாசத்துக்கே போடு. அவர் குளத்துக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். தைக்கக் கொடுக்கும் துணிப் பையைச் சன்னல் வழியாகக் கயிற்றில் இறக்குவேன், அதற்குள் இது போகிறது. ஒரு தடவை அவள் கேட்டாள்: "உன் சட்டைக்கு மட்டும் எப்படிம்மா இத்தனை பட்டன் பிய்யுது?" பிறகு கேட்கவில்லை, காசும் வாங்குவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் நான் இருந்தேன். நாற்பத்தொரு கோப்புகள், மூன்று வருடத்துக்கானவை. கிளையின் ஆவண அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அலுவலகக் கருவியால் நானே எடுத்த படங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதி போட்டு, காயத்தின் இடம், நீளம், நிறம், எதனால் என்று ஒரு கோரிக்கைக்கு எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதிவைத்தேன். முதலாவது: இடது விலா, பன்னிரண்டு சென்டிமீட்டர், இடுப்புவாரின் கொக்கி. பதினேழாவது: தோள்பட்டை, இஸ்திரிப் பெட்டியின் முனை. உனக்கு மணிக்கட்டுச் சுளுக்கு என்று எழுதியது நாற்பதாவது. முறுக்கினார், சத்தம் கேட்டதும் விட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை காவல் நிலையம் போனேன். "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்ட அதிகாரியின் இரண்டு பிள்ளைகளுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் உன் அத்தான். அன்றிலிருந்து ஆதாரத்தை ஒழுங்காகச் சேர்த்தேன். வீட்டில் அவர் கை படாத இடம் கிடையாது. அலுவலகப் பெட்டி ஒன்றுதான் எனக்குப் பத்திரமாக இருந்தது. உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அவரைக் கடவுளாக வைத்திருந்தாய், எனக்கு வெட்கமாக இருந்தது. அது என் தப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள். அலுவலகம் போய்வந்த வரையில் அவர் என் முகத்தில் அடித்ததில்லை, நாலு பேர் பார்ப்பார்களே. வீட்டிலேயே வேலை என்றானதும் முகமும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

உன் மார்ச் மாதக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துத் தாளை மடித்து வைத்துவிட்டுக் கதவிடுக்கில் என் விரல்களை வைத்துச் சாத்தினார். அப்புறம் வாளி. தலையை உள்ளே அமுக்கி, எடுத்து, "என்ன வெச்சிருந்த, யார்கிட்ட காப்பி இருக்கு" என்று கேட்பார். ஒரு ஆளால் எவ்வளவு நேரம் மூச்சடக்க முடியும் என்பது அவருக்குத் தொழில். ஒரு நாளும் கணக்குத் தப்பவில்லை. நாலாவது நாள் சொல்லிவிட்டேன். நகல் இல்லை என்பதைத்தான் அவர் நம்பவில்லை. பதினோரு நாள் கேட்டார். பிறகு நீ எழுதிப் போட்டாய், எதுவும் மிஞ்சவில்லை என்று. அவருக்குப் பயம் விட்டுப்போயிற்று. பயம் போனதும் கை தாராளமாகிவிட்டது.

நீ இங்கே வராதே. வந்து அவரை நாலு அடி அடித்தால் ஊரே கூடி அவருக்குக் கட்டுப்போடும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். சின்னப் பெட்டியோடு ஒரு அறிவிப்புத் தாள் வந்தது: "பழுதான பெட்டியை நேரில் கொண்டுவரவும்." ஊழியரே அடையாள அட்டையோடு மூன்று வேலை நாளுக்குள் புதுப் பெட்டி தரும் மாற்று மையத்துக்கு வர வேண்டும், தவறினால் வேலை நீக்கம். என் சம்பளம் நிற்பது அவருக்கு ஆகாது, கூட்டிக்கொண்டு போவார். ஆனால் மையத்தின் உள்கதவுக்கு அப்பால் அட்டை உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம். அவர் வெளியே நிற்பார். அந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

உன் கூடத்திலிருந்தே என் பெட்டியைச் சாகடிக்க உன்னால் முடியும். செய்.

அக்கா


மே 12

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு கழிப்பறையில் போய்ச் சுவரைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம். அவனைக் கொல்ல வேண்டும் போல் இருக்கிறது, அவன் பிடித்து வளர்த்த தாடையை அறுத்து எறிய வேண்டும் போல் இருக்கிறது. துளை போட்டவன் நான். குஷியாகப் போட்டேன். இரண்டு போட்டேன். சொந்தக் கையால் உனக்குச் சூனியம் வைத்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவனுக்கே எழுதியும் போட்டேன்.

இன்னும் கேள். உன் இணைப்பின் பதிவை எடுத்துப் பார்த்தேன். மார்ச் பதினெட்டிலிருந்து பதினோரு நாள், பகலில் எட்டு முறை, பத்து முறை உன் திரை அறுந்திருக்கிறது. வார்த்தை பாதியில் நிற்கிறது, அரைமணி கழித்து அதே இடத்திலிருந்து மீதியை அடித்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு எச்சரிக்கை வந்தது. "இணைப்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று எழுதி மூடியிருப்பது யார் என்று பார்த்தேன். என் பெயர்தான்.

நீ சொன்னதைச் செய்கிறேன். மே 26, காலை பத்து மணி. மாற்று மையத்தின் பொறுப்பாளர் ஒரு அம்மாள், கறாரானவர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். தேதியைக் குறித்துக்கொண்டார். "உள்கதவ தாண்டிட்டா அப்புறம் அவ என் பொறுப்பு" என்றார். மருத்துவமனைக்கு வண்டியும், வேறு நிலையத்து அதிகாரி ஒருவரும் ஏற்பாடு.

ஒன்றே ஒன்று. பெட்டி அணைந்தால், நீதான் கெடுத்தாய் என்று அவன் நினைப்பான். அன்றைக்கு உன்மேல் கை வைக்க மாட்டான் என்று ஒரு வார்த்தை எழுது. இல்லாவிட்டால் அந்த விசையை அழுத்த என் கை வராது.

தம்பி


மே 20

தம்பிக்கு,

அப்படி ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. அடிப்பார். எத்தனை நாள் கழித்துக் கூட்டிப்போவார் என்பதும் தெரியாது. மூன்று நாளைத் தாங்குவேன், மூன்று வருடத்தைத் தாங்கியவள்தானே.

அழுத்து. அழுத்திவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே, திரும்ப உயிர் கொடுத்துவிடுவாய்.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

தையல்காரம்மா இதை எப்படியாவது உன்னிடம் சேர்க்கட்டும். நேற்று பத்து மணிக்கு அழுத்திவிட்டேன். பத்தே காலுக்கு அவனே புகார் எண்ணுக்குப் பேசினான், ரொம்ப மரியாதையாக. "பாவம், வேலை கெடுதுங்க" என்றான். பின்னால் சத்தமே இல்லை, அதுதான் எனக்குத் தாளவில்லை. இன்று மாலைவரை நீ மையத்துக்கு வரவில்லை. பொறுப்பாளர் மணிக்கொரு தடவை வாசலைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்கிறார். நாலு தடவை விசைப்பலகைக்குப் போய்விட்டேன். பெட்டியை எழுப்பிவிட்டால் நிறுத்திவிடுவானோ என்று தோன்றுகிறது. எழுப்பவில்லை.

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. வந்துவிடு.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். பெண்கள் பிரிவு, சன்னல் ஓரக் கட்டில். காய்ச்சல் விட்டுவிட்டது. சாப்பாடு இறங்குகிறது, கஞ்சிதான். தாதி தாளை அட்டையில் செருகிக் கொடுத்திருக்கிறாள். வரி கோணினால் அது கண்ணின் கோளாறு, கையின் கோளாறு அல்ல.

நீ இங்கே நாலு கடிதம் போட்டுவிட்டாய். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, அன்றைக்கு அடித்தானா என்று. தாதியைக் கேட்டிருக்கிறாய், மருத்துவரைக் கேட்டிருக்கிறாய். அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். முழுதாக எழுதத் தெம்பு வந்த பிறகு நானே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதல் நாள் பெட்டியின் மின்கம்பியால் அடித்தான். நீ என்னமோ செஞ்சிருக்க, சொல்லு என்றான். இரண்டாம் நாள் வாளி. அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாகக் கணக்குத் தப்பினான். நான் நினைவிழந்துவிட்டேன். கண் விழித்தபோது என் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான், பிள்ளைகளுக்குச் செய்வது போல. விலா இரண்டு அப்போது முறிந்தது. சாகவில்லை என்று தெரிந்ததும், பயமுறுத்திவிட்டேன் என்று முகத்தில் அடித்தான். அதில்தான் இடது கண் போயிற்று. இனி வெளிச்சம் மட்டும் தெரியும் என்கிறார்கள்.

மூன்றாம் நாள் மதியம் எனக்குத் தலையில் துணி சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, வண்டியில் கூட்டிப்போனான். மையத்தில் அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றதும் அந்தப் பொறுப்பாளரிடம் எவ்வளவு பணிவாகப் பேசினான் தெரியுமா? "நா வெளிய நிக்கறேங்க, அவங்க படில விழுந்துட்டாங்க, கொஞ்சம் பார்த்து" என்றான். நான் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்கதவு வரைக்கும் பதினாலு அடி நடந்தேன். கதவு சாத்திக்கொண்டதும் பொறுப்பாளர் என் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டார். பெட்டியை என் கையிலிருந்து வாங்க வந்தார், எனக்கு விரல் பிரியவில்லை.

அவனை வாசலிலேயே பிடித்தார்கள். இங்கே மருத்துவர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார், இருபத்தாறு. நான் ஒவ்வொன்றாக இடமும் நீளமும் சொன்னேன். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். வேலையில் என்றேன். பழைய நாற்பத்தொன்று போனது போனதுதான். இந்த இருபத்தாறை வைத்தே வழக்குப் போட முடியும் என்கிறார் வக்கீல்.

இதைப் படித்ததும் நீ எழுதுவாய், நான் அழுத்தாமல் இருந்திருந்தால் கண் இருந்திருக்கும் என்று. இருந்திருக்கும். அழுத்தியது நீ, அழுத்தச் சொன்னது நான், அடித்தது அவன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். துளைக்காகக் கோபம் இருக்கிறது, அந்த ஏப்ரல் கடிதத்துக்காக ரொம்பவே இருக்கிறது. அந்த விசைக்காக இல்லை. கோபம் இருப்பதால் நீ எனக்குத் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. அடுத்த வாரம் கட்டு அவிழ்க்கிறார்கள், வா. வரும்போது காதை மூடிக்கொண்டு வா, இங்கே காற்று அதிகம்.

வழக்கில் உன்னையும் கூண்டில் ஏற்றுவார்கள். அந்தப் பெட்டி ஏன் அணைந்தது என்று அவன் வக்கீல் கேட்பார். உண்மையைச் சொன்னால் உன் வேலை போய்விடும், தெரியும். உங்கள் மேலாளரும் உனக்கு ஒரு சுலபமான பதிலைச் சொல்லிக் கொடுப்பார்.

போகட்டும் தம்பி. பழுது என்று மட்டும் சொல்லாதே.

அக்கா